வாக்குத்தத்த அட்டையில் வந்த வசனம் நிறைவேறாதபோது

சகோதரி, உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இப்படி வருகிறது. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையின் முடிவில் நீங்கள் எடுத்த வாக்குத்தத்த அட்டையில், அதாவது புது வருஷத்துக்கான வாக்கு என்று ஒவ்வொருவரும் எடுக்கும் வேதவசனச் சீட்டில், எரேமியா 29:11 இருந்தது. மார்ச் மாதத்தில், பல ஆண்டுகளாகக் கணக்குப் பிரிவில் பார்த்துவந்த வேலை போய்விட்டது. வசனம் பொய்த்துவிட்டதா, அல்லது என் விசுவாசம்தான் குறைவா என்று கேட்கிறீர்கள். அதோடு, தினமும் காலையில் கைப்பேசியில் வரும் ஒரு வசனத்தையும் அதன்கீழ் உள்ள நான்கு வரித் தியானத்தையும் வாசிப்பதை இனி நிறுத்திவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கேள்விகளுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: யாருக்கோ எப்போதோ சொல்லப்பட்ட ஒரு வசனத்தை, "இது எனக்குச் சொல்லப்பட்டது" என்று எடுத்துக்கொள்ள எனக்கு எந்த அளவுக்கு உரிமை உண்டு? நான் இறையியல் கல்லூரியில் படித்து, கிராமச் சேகரங்களிலும் நகரச் சபைகளிலும் ஆயராகப் பணிசெய்து ஓய்வுபெற்றவன். அந்த அட்டைகளைத் தட்டில் வைத்து மக்களிடம் நீட்டியவர்களில் நானும் ஒருவன். வேத ஆய்வாளன் அல்லன். சபை மக்களோடு உட்கார்ந்து வேதத்தை வாசித்த பழக்கத்திலிருந்தே பேசுகிறேன்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன். வசனம் பொய்க்கவில்லை, உங்கள் விசுவாசம் குறைந்ததால் வேலை போனது என்று சொல்ல வேதத்தில் எந்த ஆதாரமும் இல்லை. அந்த வசனம் உங்கள் வேலையைப் பற்றி எதுவும் சொல்லியிருக்கவில்லை. எரேமியா 29-ஆம் அதிகாரம் ஒரு கடிதம். கி.மு. 597-ல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து எகொனியா ராஜாவையும் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போனபின், எருசலேமில் தங்கியிருந்த எரேமியா தீர்க்கதரிசி அவர்களுக்கு எழுதி, அங்கே போன அரசுத் தூதர்களின் கையில் கொடுத்தனுப்பியது. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற உங்கள் அட்டை வசனம் அந்தக் கடிதத்தின் நடுவில் வருகிறது. அதற்கு ஒரு வசனம் முன்னால், 29:10-ல், பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்பே கர்த்தர் அவர்களைச் சந்தித்துத் திரும்பி வரப்பண்ணுவார் என்று இருக்கிறது. கடிதத்தைக் கேட்டவர்களில் முப்பது வயதைத் தாண்டியிருந்த எவரும் அந்தத் திரும்புதலைக் காண உயிரோடு இருந்திருக்க வாய்ப்பில்லை. அதாவது, அந்த வசனத்தை முதன்முதலில் பெற்றவர்களுக்கே அது "இந்த வருஷம் நன்மை நடக்கும்" என்ற செய்தியாக வரவில்லை. அட்டையில் 10-ஆம் வசனம் அச்சாவதில்லை என்பதுதான் சிக்கலின் பாதி.

சுற்றி நடந்ததையும் பார்த்தால் இன்னும் தெளிவாகும். முந்தின அதிகாரத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் நின்று, இரண்டு வருஷத்துக்குள்ளே எல்லாம் சரியாகிவிடும், ஆலயப் பணிமுட்டுகளும் (பாத்திரங்களும்) ராஜாவும் சிறைப்பட்டுப்போனவர்களும் திரும்பி வருவார்கள் என்கிறான். எரேமியா அதற்கு முதலில் சொல்லும் பதில் "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்பது. இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு எரேமியாவின்மேல் மரியாதை கூடுகிறது. அவருக்கும் அது நடக்கவேண்டும் என்ற ஆசை இருந்தது, ஆனால் ஆசையைக் கர்த்தருடைய வார்த்தை என்று அவர் அறிவிக்கவில்லை. பாபிலோனுக்கு அடங்கியிருக்கவேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த மர நுகத்தை அனனியா எடுத்து உடைக்கிறான். அதற்குப் பதிலாக இரும்பு நுகம் வரும் என்ற வார்த்தை வருகிறது. இரண்டே வருஷம் என்று சொன்னவன் அந்த வருஷத்தின் ஏழாம் மாதத்தில் செத்துப்போனான். இதற்கு அடுத்த அதிகாரத்தில்தான் உங்கள் வசனம் இருக்கிறது. இதை "இவ்வாண்டு எல்லாம் நலமாகும்" என்று வாசித்தால், எரேமியாவின் கடிதத்துக்குள் அனனியாவின் பேச்சை நாம் கொண்டுபோய் வைக்கிறோம்.

அப்படியானால் உங்களுக்கு அதில் ஒன்றும் இல்லையா என்றால், நிறையவே இருக்கிறது. ஆனால் அது 11-ஆம் வசனத்தில் மட்டும் இல்லை. "நீங்கள் வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்" என்று 5-ஆம் வசனமும், சிறைப்பட்டுப்போன பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காகக் கர்த்தரை நோக்கி விண்ணப்பம் பண்ணுங்கள் என்று 7-ஆம் வசனமும் சொல்கின்றன. தாங்கள் விரும்பாத ஊரில், விரும்பாத காலம் நீளப்போகிறது என்று தெரிந்தபின், அங்கே மரம் நடுங்கள் என்பது எளிதான கட்டளை அன்று. வேலை இல்லாத மாதங்களில் வீட்டில் சமையல் எப்படி நடக்கவேண்டும், பிள்ளைகளிடம் எதைச் சொல்லவேண்டும், வேலையிலிருந்து விலக்கிய நிறுவனத்தைப் பற்றி எப்படிப் பேசவேண்டும் என்பதற்கெல்லாம் இந்த இரண்டு வசனங்களிலிருந்து பதில் தேடலாம். அந்த எழுபது வருஷத்தை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. சிலர் பாபிலோன் தலையெடுத்த கி.மு. 605-ஐ ஒட்டித் தொடங்கி, யூதர்கள் திரும்ப அனுமதி பெற்ற 538-ல் முடிக்கிறார்கள். சிலர் ஆலயம் இடிந்த 586-லிருந்து அது மீண்டும் கட்டி முடிந்த 516 வரை எண்ணுகிறார்கள். எந்தக் கணக்கை எடுத்தாலும் கடிதத்தின் போக்கு மாறுவதில்லை.

இங்கே அட்டையைப் பற்றியும் கொஞ்சம் பேசவேண்டும். வேதாகமத்தை எழுதியவர்கள் வசன எண் போட்டு எழுதவில்லை. அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் என்பவரோடு இணைத்துச் சொல்லப்படுகிறது. புதிய ஏற்பாட்டில் நாம் இன்று பயன்படுத்தும் வசன எண்கள் ராபர்ட் எஸ்டியென் என்ற அச்சகத்தார் 1551-ல் ஜெனீவாவில் வெளியிட்ட பதிப்பில் வந்தவை. தேடி எடுக்க வசதியாகப் போட்ட எண்ணை, தனித்து நிற்கக்கூடிய ஒரு செய்தியின் எல்லையாக நாம் எடுத்துக்கொண்டோம். பக்கத்து வீட்டுக்கு வந்த கடிதத்தின் நடுவரியை மட்டும் யாரோ வெட்டிக் கொடுத்து, இது உனக்கு வந்தது என்று சொல்வதைப் போன்றதுதான் அது. அட்டைகள் தயாராகும் விதத்தையும் நான் அருகிருந்து பார்த்திருக்கிறேன். ஒரு குடும்பமோ வாலிபர் ஐக்கியமோ வசனங்களைத் தெரிந்தெடுக்கும். பெரிய தாளில் அச்சடித்து, கத்தரித்து, பூப்படம் ஒட்டி, சிலவேளை ரிப்பனும் கட்டுவார்கள். தெரிந்தெடுக்கும்போதே ஒரு வடிகட்டல் நடந்துவிடும். "கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்" என்று உபாகமம் 28:13 வரும். கட்டளைகளைக் கைக்கொண்டு நடந்தால் என்று அதே வசனத்திலேயே இருக்கும் நிபந்தனை தாளில் இடமில்லாமல் போய்விடும். "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு" என்ற யோவான் 16:33-இன் பாதி வசனத்தை எந்த அட்டையிலும் நான் கண்டதில்லை. ஆக, நீங்கள் எடுத்தது எந்த அட்டையாக இருந்திருந்தாலும் அது நற்செய்தியாகவே இருந்திருக்கும்.

சீட்டு எடுத்து வசனம் பெறும் வழக்கத்தைப் பற்றிச் சபை வரலாற்றில் இரண்டு மனங்கள் இருந்திருக்கின்றன. ஆதிச்சபை ஆயர்களில் ஒருவரான அகஸ்டின் தம் கடிதம் ஒன்றில், சுவிசேஷப் புத்தகத்தின் பக்கங்களிலிருந்து குறி பார்ப்பவர்களைப் பற்றிப் பேசுகிறார். பேய்களிடம் ஓடுவதைவிட அது மேல், ஆனாலும் உலகக் காரியங்களுக்கு வேதவசனத்தை அப்படிப் பயன்படுத்துவது தமக்குப் பிடிக்கவில்லை என்கிறார். இத்தனைக்கும், 386-ல் மிலான் நகரத் தோட்டத்தில் புத்தகத்தைத் திறந்து, முதலில் கண்ணில் பட்ட ரோமர் 13:13-14-ஐ வாசித்து மனந்திரும்பியவர் அவர். 506-ல் தென் பிரான்ஸின் ஆக்த் நகரில் கூடிய ஆயர் சங்கம் வேதத்தை வைத்துக் குறிபார்ப்பதைத் தடைசெய்தது. மறுபுறம், ஜெர்மனியின் சாக்சனியில், மொரேவிய சகோதரர் எனும் கிறிஸ்தவக் குழுவினர் குடியிருந்த ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரில் 1728 மே 3 அன்று சின்சென்டார்ஃப் பிரபு மாலைப் பாட்டு வேளையில் மறுநாளுக்கென ஒரு வாக்கியத்தைக் கொடுத்தார். அதன்பின் ஒவ்வொரு நாளின் வாக்கியத்தையும் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சொல்லும் வழக்கம் அங்கே ஏற்பட்டது. 1731 முதல் அது ஆண்டுதோறும் புத்தகமாக அச்சாகி வருகிறது. இன்றும் சுமார் 1,800 பழைய ஏற்பாட்டு வசனங்களிலிருந்து சீட்டெடுத்தே அந்தந்த நாளின் வசனம் குறிக்கப்படுகிறது. ஆனால் அதற்குப் பொருந்தும் புதிய ஏற்பாட்டு வசனத்தை ஆட்கள் யோசித்துத் தெரிந்தெடுக்கிறார்கள். முக்கியமான வேறுபாடு ஒன்று இதில் இருக்கிறது: அங்கே வரும் வசனம் ஊர் முழுமைக்கும் ஒன்று. தனி ஆளின் வருங்காலத்தைச் சொல்லும் சீட்டாக அது இல்லை. ஒரே வசனத்தை வைத்துக்கொண்டு எல்லாரும் ஒரு நாளை நடத்துகிறார்கள். அந்த மொரேவிய சகோதரர்கள் 1760-ல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து குடியேறினார்கள் என்பது வரலாறு. நம் வாக்குத்தத்த அட்டை அவர்களிடமிருந்தே வந்தது என்று யாராவது உறுதியாகச் சொன்னால், அதை நான் அப்படியே ஏற்கமாட்டேன்.

கர்த்தர்தாமே அந்த அட்டையை என் கையில் வரப்பண்ணியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கலாம். "சீட்டு மடியிலே போடப்படும், காரியசித்தியோ கர்த்தரால் வரும்" என்று நீதிமொழிகள் 16:33 சொல்கிறது. அப்போஸ்தலர் 1-ஆம் அதிகாரத்தில் மத்தியாவைச் சீட்டுப் போட்டே தெரிந்துகொண்டார்கள். பெந்தெகொஸ்தே நாளுக்குப்பின் விசுவாசிகள் சீட்டுப்போட்டு முடிவெடுத்ததாகப் புதிய ஏற்பாட்டில் ஓரிடத்திலும் இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். அட்டை உங்கள் கையில் வந்ததைக் கர்த்தரின் செயல் என்று நீங்கள் நம்பினால் நான் மறுக்கமாட்டேன். ஆனால் கர்த்தரே கொடுத்திருந்தாலும், எரேமியா 29:11 என்ன சொல்கிறதோ அதைத்தான் கொடுத்திருப்பார். அது சொல்லாததை அட்டையின் வழியாகச் சேர்த்துக் கொடுத்திருக்கமாட்டார்.

எந்த வாக்குத்தத்தத்தை நாம் எடுத்துக்கொள்ளலாம் என்பதில் சபைகள் ஒத்துப்போவதில்லை. ஒரு தனி ஆளுக்கு ஒரு வேளைக்காகச் சொன்னவை உண்டு. சாராளுக்குப் பிள்ளை பிறக்கும் என்பது குழந்தை இல்லாத எல்லாருக்கும் கொடுத்த உறுதி ஆகாது என்பதில் பெரும்பாலோருக்குக் கருத்து வேறுபாடு இராது. இஸ்ரவேல் ஜனத்துக்கு உடன்படிக்கையின் பகுதியாகச் சொன்ன நிலம், மழை, விளைச்சல் பற்றிய வாக்குகள் கிறிஸ்தவர்களுக்கு எந்த வடிவில் வரும் என்பதில்தான் தகராறு. "தேவனுடைய வாக்குத்தத்தங்களெல்லாம் இயேசுகிறிஸ்துவுக்குள் ஆம் என்றும், அவருக்குள் ஆமென் என்றும் இருக்கிறதே" என்ற 2 கொரிந்தியர் 1:20-ஐ வைத்து, எல்லாமே எனக்குரியவை என்று பெந்தெகொஸ்தே சகோதரர் பலர் உரிமை கோருவார்கள்; கிறிஸ்துவில் நிறைவேறியவை என்பதால் அவை பொருள்வகை ஆசீர்வாதமாகவே வந்தாகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று எங்களைப் போன்றவர்கள் சொல்வோம். நான் இரண்டாவது பக்கம் நிற்பவன். நீதிமொழிகளில் உள்ளவை மூன்றாவது வகை. "பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து, அவன் முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான்" என்ற 22:6-ஐ உத்தரவாதமாக எடுத்துக்கொண்டு, வழிமாறிப்போன பிள்ளைக்காகத் தங்களையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய பெற்றோர் பலரை எனக்குத் தெரியும். நீதிமொழி உலகம் பொதுவாக நடக்கும் விதத்தைச் சொல்வது. 26:4-ல் மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடாதே என்றும், அடுத்த வசனத்திலேயே கொடு என்றும் இருப்பதைப் பார்த்தாலே, இந்த நூலைச் சட்டப் புத்தகத்தைப் போல வாசிக்கக் கூடாது என்பது விளங்கும்.

விசுவாசக் குறைவு என்று உங்களிடம் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு எபிரெயர் 11-ஐ முழுவதும் வாசித்துக் காட்டலாம். விசுவாச வீரர்களின் அட்டவணை என்று நாம் பிரசங்கிக்கும் அந்த அதிகாரத்தின் பின்பகுதியில், விசுவாசத்தினாலே சிங்கங்களின் வாயை அடைத்தவர்களுக்குப் பின்னாலேயே, நிந்தைகளையும் அடிகளையும் அனுபவித்தவர்களும், வாளால் அரியுண்டவர்களும் வருகிறார்கள். "இவர்களெல்லாரும் விசுவாசத்தினாலே நற்சாட்சிபெற்றும், வாக்குத்தத்தம்பண்ணப்பட்டதை அடையாமற்போனார்கள்" என்று 39-ஆம் வசனம் முடிக்கிறது. கிடைத்தவரும் கிடைக்காதவரும் ஒரே பட்டியலில் நிற்கிறார்கள். உங்களுக்கு அறிவுரை சொன்னவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருக்கமாட்டார். ஒரு துன்பத்துக்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டால் அது தன் வீட்டுக்கு வராது என்ற நிம்மதி சொல்பவருக்குக் கிடைக்கிறது. துன்பப்பட்ட யோபுவிடம் உன் பாவமே இதற்குக் காரணம் என்ற அவன் சிநேகிதர்கள் செய்ததும் இதுதான்.

ஆனால் ஒரு வசனத்தைத் தனக்கென்று எடுத்துக்கொள்வது எப்போதுமே தவறு என்று நான் சொன்னதாக நினைத்துவிடாதீர்கள். டீட்ரிச் போன்ஹோஃபர் என்ற ஜெர்மானியப் போதகர் 1939 ஜூன் மாதத்தில் நியூயார்க்கில் இருந்தார். போர் நெருங்கிக்கொண்டிருந்தது; நண்பர்கள் அவருக்கு அமெரிக்காவில் பாதுகாப்பான பணி ஒன்றை ஏற்பாடு செய்திருந்தார்கள். மனம் ஒப்பாமல், ஜூன் 20 அன்று அந்தப் பணியை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஜூன் 26 அன்று தற்செயலாக 2 தீமோத்தேயு 4:21-ஐ வாசித்தார்: "மாரிகாலத்துக்குமுன்னே நீ வந்துசேரும்படி ஜாக்கிரதைப்படு." பவுல் சிறையிலிருந்து தம் இளம் உடன்ஊழியரைச் சீக்கிரம் வரச்சொல்லும் சாதாரண வரி அது, ஜெர்மனியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அந்த வரி நாள் முழுவதும் தம்மைவிட்டு அகலவில்லை என்றும், அதைத் தமக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்வது வேதத்தைத் தவறாகப் பயன்படுத்துவது ஆகாது என்றும் நாட்குறிப்பில் எழுதினார். ஜூலைத் தொடக்கத்தில் கப்பலேறித் திரும்பினார். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். இதில் நான் கவனிப்பது இரண்டு. அந்த வசனம் வருமுன்னே அவர் பல நாள் போராடிப் பணியை மறுத்திருந்தார். யோசிக்கவேண்டிய வேலையை வசனத்தின் தலையில் அவர் கட்டவில்லை. அடுத்தது, அவர் அதிலிருந்து எடுத்துக்கொண்டது தாம் செய்யவேண்டிய கடமையை. தமக்கு என்ன கிடைக்கும் என்ற தகவலை அவர் அதில் தேடவில்லை. ஒரு வசனம் என்னிடம் எதைக் கேட்கிறது என்ற திசையில் வாசித்தால் தவறாகப்போகும் வாய்ப்பு குறைவு என்பது என் அனுபவம். குறைவு என்றுதான் சொல்கிறேன். கடமை என்று நினைத்துக் கெடுதல் செய்தவர்களும் உண்டு.

இனி, தினமும் ஒரு வசனம் வாசிப்பதை விட்டுவிடலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். விடவேண்டாம், ஆனால் முறையை மாற்றுங்கள். தனி வசனத்தின் ஆபத்தைச் சுவிசேஷமே காட்டுகிறது. மத்தேயு 4-ல் சாத்தான் இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையின்மேல் நிறுத்தி, தாழக் குதியும் என்று சொல்லி ஆதாரம் காட்டுவது 91-ஆம் சங்கீதத்தின் வசனங்களை. வசனம் சரி; பயன்படுத்திய விதம் தவறு. இயேசு அதற்கு உபாகமத்திலிருந்து இன்னொரு வசனத்தால் பதில் சொல்கிறார். ஆகவே கைப்பேசியில் வசனம் வந்தவுடன் கீழேயுள்ள தியானத்துக்குப் போகாமல், வேதாகமத்தைத் திறந்து அந்தப் பத்தி முழுவதையும் வாசியுங்கள். யார் யாருக்குச் சொல்கிறார், இதற்கு முன்னால் என்ன நடந்தது என்று பாருங்கள். பிலிப்பியர் 4:13, "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பது, தேர்வுக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் எடுத்துச் சொல்லப்படுகிறது. அதற்கு முந்தின வசனம் பட்டினியாயிருக்கவும் குறைவுபடவும் போதிக்கப்பட்டேன் என்கிறது. காவலில் இருந்தவர் எழுதிய நிருபம் அது. ரோமாபுரியிலா எபேசுவிலா செசரியாவிலா என்பதில் கருத்து வேறுபாடு உண்டே தவிர, கட்டுண்டிருந்தார் என்பதில் இல்லை. "எல்லாவற்றையும்" என்பதில் பட்டினியும் அடங்கும் என்று தெரிந்தால், வேலையில்லாத ஒருவருக்கு அந்த வசனம் முன்பைவிட அதிகமாகத்தான் உதவும்.

வாசித்தபின் என்ன செய்வது என்பதற்கு மார்ட்டின் லூத்தர் 1535-ல் சொன்ன வழி எளிமையானது. விட்டன்பர்க்கில் அவருக்கு முடிவெட்டிவந்த பேத்தர் என்பவர் எப்படி ஜெபிப்பது என்று கேட்டதற்கு ஒரு சிறு நூலையே பதிலாக எழுதினார். ஒரு வசனத்தை எடுத்து, அது எனக்குக் கற்பிப்பது என்ன, எதற்காக நன்றி சொல்லவேண்டும், எதை அறிக்கையிடவேண்டும், எதைக் கேட்கவேண்டும் என்று நான்கு இழைகளாகப் பிரித்துக்கொள்ளச் சொல்கிறார். உங்கள் தொழிலுக்குப் பொருந்தும் வசனம் ஒன்றில் இதைச் செய்துகாட்டுகிறேன். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்" என்பது நீதிமொழிகள் 11:1. சுமுத்திரையான என்றால் சரியான. அக்காலத்து வியாபாரி எடைக் கற்களைப் பையில் வைத்திருப்பான். பெரிதும் சிறிதுமான பலவித நிறைகற்களை வைத்திருக்கவேண்டாம் என்று உபாகமம் 25:13 சொல்வது, வாங்கும்போது ஒரு கல், விற்கும்போது ஒரு கல் என்று எடுப்பவனைத்தான். கற்பிப்பது: கர்த்தர் ஆலயத்தில் நடப்பதை மட்டும் பார்ப்பவர் அல்லர், தராசையும் பார்க்கிறார். நன்றி: இத்தனை வருஷம் அடுத்தவர் பணத்தை எண்ணியும் கையில் கறை படாமல் வெளியே வந்தீர்கள். அறிக்கை: அடுத்த வாரம் நேர்காணலில் கடைசியாக வாங்கிய சம்பளத்தைச் சற்றுக் கூட்டிச் சொல்லலாம் என்று மனம் கணக்குப் போட்டிருக்கலாம், அப்படி இருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள். விண்ணப்பம்: உள்ளதைச் சொல்லி வேலை கிடைக்காமல் போனாலும் தாங்கும் பெலனும், அன்றைய செலவுக்கு வழியும். இதற்குப் பதினைந்து நிமிடம் போதும். இதில் எங்கும் வருங்காலத்தைப் பற்றிய ஊகம் இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்த பேத்தரின் கதையையும் மறைக்காமல் சொல்லிவிடவேண்டும்: அதே 1535-ல், ஈஸ்டருக்கு முந்தின நாள், சாப்பாட்டு மேசையில் அவர் தம் மருமகனைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டார், லூத்தரும் மற்றவர்களும் பரிந்து பேசியதால் மரண தண்டனை நீங்கி நாடுகடத்தப்பட்டார். தியான முறை எதுவும் மந்திரம் அன்று.

துக்கத்தின் வசனங்களையும் உங்கள் வாசிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். அட்டைகளில் அவை வராததால் நாமே தேடிப்போகவேண்டியிருக்கிறது. 88-ஆம் சங்கீதம் ஆறுதல் எதுவும் வராமல் இருளிலேயே முடிகிறது. அதையும் ஜெபமாகப் பாடச்சொல்லி நம் கையில் கொடுத்திருக்கிறார்கள். "நாம் நிர்மூலமாகாதிருக்கிறது கர்த்தருடைய கிருபையே, அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை" என்ற புலம்பல் 3:22 எருசலேம் எரிந்துபோனபின் எழுந்த பாட்டின் நடுவில் இருக்கிறது. நம்பிக்கை அழிந்துபோயிற்று என்று 18-ஆம் வசனத்தில் சொன்ன அதே வாய்தான் அதைச் சொல்கிறது. நான் பணிசெய்த ஒரு கிராமச் சேகரத்தில், பீடி சுற்றிப் பிழைத்த ஒரு தாயாரின் வேதாகமத்தில் இந்தப் பக்கத்தை ஒருமுறை பார்த்தேன். ஓரத்தில் பென்சிலால் தேதிகளும், ஒவ்வொரு தேதிக்கும் எதிரே இரண்டு மூன்று சொற்களும் இருந்தன: சொசைட்டிக் கடன், மகன் பரீட்சையில் தவறினான், இலை வரவில்லை. எதற்கும் எதிரே "கிடைத்தது" என்று இல்லை. இதெல்லாம் எப்போது தீர்ந்தது என்று கேட்டேன். சில தீரவில்லை ஐயா, அன்றைக்கு வாசித்தேன் என்பதற்காக எழுதி வைத்தேன் என்றார்.

நான் பேசக்கூடிய எல்லை இவ்வளவுதான். இரவில் தூக்கம் வராமலும், சாப்பாட்டில் மனம் செல்லாமலும் சில வாரங்களாக இருப்பதாக நீங்கள் எழுதியிருப்பது வசனத்தால் மட்டும் பார்க்கவேண்டியது என்று நான் நினைக்கவில்லை. மருத்துவரைப் பாருங்கள், அதில் விசுவாசத்துக்குக் குறைவு ஒன்றும் இல்லை. நிலுவைச் சம்பளம், சேமநல நிதி, கடன் தவணை பற்றிய கேள்விகளை அவற்றில் விவரம் தெரிந்தவரிடம் கேட்பதே நல்லது. உங்கள் ஆயரிடம் நிலைமையைச் சொல்லிவிடுங்கள். பல சபைகளில் உதவி நிதி இருந்தும் யாருக்குத் தேவை என்று தெரியாமலே கிடக்கிறது. வாசிப்புக்கு, இந்த வாரம் எரேமியா 27 முதல் 29 வரை தினம் அரை அதிகாரமாக எடுங்கள். அது முடிந்தபின் பிலிப்பியரை நாளுக்கு ஒரு பத்தியாகத் தொடரலாம். மாலையில் ஒரு சங்கீதம், பிடித்ததைத் தேடாமல் வரிசைப்படி. கைப்பேசியில் வரும் வசனம் வந்துகொண்டிருக்கட்டும். அதை எந்தப் பத்தியிலிருந்து எடுத்தார்கள் என்று திறந்து பார்க்க நேரமில்லாத நாளில் அதன்கீழ் உள்ள தியானத்தை வாசிக்காமல் விட்டுவிடுங்கள்.